யாரும் வர வேண்டாம் என்று எழுதினேன்

எங்கள் மலேசியத் தோட்டத்தில் ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு யாரும் அகராதிப் பொருள் கொள்வதில்லை. பந்தியில் ‘வேண்டாம்’ என்றால் இலையில் இன்னும் இரண்டு கரண்டி விழும். மாப்பிள்ளை வீட்டார் ‘எங்களுக்கு எதுவும் வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால் பெண்ணைப் பெற்றவர் கடன் கேட்கக் கிளம்பிவிடுவார். அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது மறந்துபோனதற்கு நியூசிலாந்துதான் காரணம் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். தலைக்கனம்தான் காரணம்.

எண்பதுகளின் நடுப்பகுதி. கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த எனக்கு மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஓராண்டு நியூசிலாந்தில் படிக்க இடம் கிடைத்தது. புக்கிட் ரோத்தானைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்குள் வரிசையாய் நிற்கும் எங்கள் லயத்து வீடுகளிலிருந்து விமானம் ஏறிய முதல் ஆள் நான்தான்.

அங்கே நானே சமைத்தேன், நானே துவைத்தேன், நானே பஸ் பிடித்துப் போனேன். (இங்கேயும் அதையேதான் செய்தேன். ஆனால் அங்கே அதற்கு ‘இண்டிபெண்டன்ட்’ என்று பெயர் இருந்தது.) இடுப்பு வரை இருந்த கூந்தலைக் காது வரைக்கும் வெட்டிக்கொண்டேன். வெண்ணெயும் உருளைக்கிழங்குமாகத் தின்று பத்துக் கிலோ ஏறினேன். கிளம்புவதற்கு முன் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதினேன்: ‘ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி விமானத்தில் சுபாங் ஏர்போர்ட்டுக்கு வருகிறேன். என்னை அழைக்க யாரும் வர வேண்டாம். நானே வந்துகொள்வேன்.’

அப்பா எங்கள் தோட்டத்தில் மண்டோர், அதாவது வேலையாட்களை மேய்ப்பவர். அந்தக் கடிதத்தைக் கோயில் வாசலில் நின்று சத்தமாகப் படித்திருக்கிறார். கேட்டவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்களாம்: “பாவம், புள்ள கூச்சப்படுது. எல்லாரும் போயிடுவோம்.”

இருபது வருட வேலையில் மேனேஜரிடம் தனக்கென்று ஒன்றும் கேட்டறியாத மனிதர் அப்பா. அவர் நீளக் கால்சட்டை மாட்டிக்கொண்டு பங்களாவுக்குப் போய், ஒரு நாளைக்குத் தோட்டத்து லோரி வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மேனேஜரும் கொடுத்துவிட்டார்.

ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணிக்கு நாற்பது பேர், ஓர் ஆளுயர மாலை, உறுமி மேளம் சகிதம் லோரி கிளம்பியது.

நானோ சிங்கப்பூரில் விமானம் மாறும்போது காலை விமானத்தில் ஓர் இடம் காலியாக இருப்பதைக் கண்டு, அதில் தாவி ஏறி, பதினொரு மணிக்கே சுபாங்கில் இறங்கியிருந்தேன். டாக்சி பிடித்தேன். கிள்ளான் சாலையில் எங்கேயோ அந்த லோரி எனக்கு எதிரே போயிருக்க வேண்டும். இண்டிபெண்டன்ட் பெண்மணி அப்போது வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

செம்மண் சாலைக்குள் வரமாட்டேன் என்று டாக்சிக்காரர் தோட்டத்து வாசலிலேயே இறக்கிவிட்டுப் போனார். பெட்டியை இழுத்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க லயத்துக்கு வந்தால் ஈ காக்கை இல்லை. எல்லா வீட்டிலும் பூட்டு. எங்கள் வீட்டிலும் பூட்டு. ஏதோ சாவு என்று நினைத்து வாசற்படியில் உட்கார்ந்து கவலைப்பட்டேன். (என்னை அழைக்கத்தான் போயிருப்பார்கள் என்று தோன்றவே இல்லை. நான்தான் வேண்டாம் என்று எழுதிவிட்டேனே!)

ஐந்து மணிக்குப் பசி கவலையை வென்றது. காற்று திரும்பியபோது பின்பக்கத்திலிருந்து நண்டுப் பிரட்டல் வாசனை வந்தது. சத்தியமாக அம்மாவின் கைதான். ஒரு வருடம் உப்புச் சப்பில்லாமல் தின்றவளுக்கு அந்த வாசனை போதாதா?

சமையலறை ஜன்னலில் மரக்கம்பிகள் உண்டு. அதில் ஒன்று கழன்றது. பள்ளிக்கூட நாட்களில் சாவி இல்லாவிட்டால் அதைத் திருகி எடுத்துவிட்டு உள்ளே நுழைந்துவிடுவேன். கம்பி பழையபடியே கழன்றது. தலை போனது. தோள் போனது. நியூசிலாந்தின் பத்துக் கிலோ மட்டும் வெளியே நின்றுவிட்டது.

முன்னால் அடுப்பு, அதன்மேல் நண்டுச் சட்டி. கையை நீட்டினால் ஒரு சாண் எட்டவில்லை. பின்னால் போகலாம் என்றால் அதுவும் முடியவில்லை. அப்போது யாரோ என் கணுக்கால் இரண்டையும் இறுக்கிப் பிடித்தார்கள்.

“ஆப்புட்டியா! யார்ரா அது?”

நான் போன பிறகு வேலைக்குச் சேர்ந்த ஜாகா அவர். லயத்தைக் காவல் காக்க அவரை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

“ஐயா, நான் வசந்தி! மண்டோர் மக!”

“வசந்தியக் கூட்டியாரத்தான் ஊரே ஏர்போட்டுக்குப் போயிருக்கு. நீ வசந்தின்னா அவங்க யாரக் கூட்டியாரப் போனாங்க?”

நாற்பது வருடம் ஆகிறது. இந்தக் கேள்வியைச் சொல்லி வீட்டில் இன்னும் என்னைக் கேலி செய்கிறார்கள்.

“வாசல்ல என் பெட்டி இருக்கு, பாஸ்போட்டு இருக்கு, எடுத்துப் பாருங்க!”

“பெட்டி வேற திருடியாச்சா?” என்றவர், கொடிக்கயிற்றை அவிழ்த்து என் கால்களைப் பப்பாளி மரத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தார்.

சுபாங்கில் நடந்ததை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். மூன்று மணி விமானத்திலிருந்து யார் வெளியே வந்தாலும் உறுமி முழங்கியிருக்கிறது. கடைசியாக வந்தவர் ஓர் இளைஞர். கோலா சிலாங்கூர்க்காரர், தமிழ்ப்பள்ளி வாத்தியார், பெயர் செல்வராஜு. சிங்கப்பூரில் அக்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். அழுதுகொண்டிருந்த அம்மா அவரைப் பிடித்துக்கொள்ள, அவர் உள்ளே போய் விசாரித்து, “அவங்க காலையிலயே வந்துட்டாங்க” என்று சேதி கொண்டுவந்தார். அதற்கப்புறம் அம்மா அவரை விடவில்லை. “எங்க லோரியிலயே வாங்க தம்பி, ஊரு போற வழிதானே” என்று ஏற்றிக்கொண்டாள்.

ஆறு மணிக்கு லோரிச் சத்தம் கேட்டது. ஜாகா ஓடினார்.

“மண்டோரே! ஒரு கள்ளன உயிரோட புடிச்சி வச்சிருக்கேன்!”

நாற்பது பேரும் வீட்டுக்குப் பின்னால் திரண்டார்கள். அவர்களுக்குத் தெரிந்தது ஒரு ஜீன்ஸின் பின்புறம் மட்டும்தான். “அம்மா, நான்தான்!” என்று சட்டியைப் பார்த்துக் கத்தினேன். அம்மா முன்கதவைத் திறந்துகொண்டு சமையலறைக்கு ஓடிவந்து என் முகத்தைப் பார்த்தாள். ஒரு வருடம் கழித்து அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை:

“முடிய என்னடி பண்ண?”

வெளியே உடனே இரண்டு கட்சி உருவானது. ஒன்று இழுக்கச் சொன்னது, ஒன்று தள்ளச் சொன்னது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்து பார்த்தார்கள். நான் கத்திய கத்தலில் வாத்தியார் குறுக்கே வந்தார்.

“பக்கத்துக் கம்பியத் தட்டி எடுத்துட்டா வந்துருவாங்க லா.”

“சார், அது தோட்டத்துச் சொத்து,” என்றார் அப்பா.

“மாட்டிக்கிட்டு இருக்கிறது உங்க சொத்து,” என்றார் வாத்தியார்.

அப்பா தலையாட்ட, லோரியிலிருந்து சுத்தியல் வந்தது. நான்கு தட்டில் கம்பி விழுந்தது. நான் அடுப்படியில் விழுந்தேன். கூடவே நண்டுச் சட்டியும்.

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. வாடிப்போன மாலையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாதவர்போல் நின்றார். பங்களாவுக்குப் போக மட்டும் அவர் மாட்டுகிற அந்த நீளக் கால்சட்டையைப் பார்த்தேன். என்னை அழைத்துக்கொண்டுவர அவர் எங்கெல்லாம் ஏறி இறங்கியிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“லோரிய எப்பப்பா திருப்பிக் குடுக்கணும்?”

“காலையில.”

“அப்ப நான் ஏர்போட்டுல இருந்து இன்னும் வரலப்பா. வாங்க, போவோம்.”

அவருக்குப் புரிந்துவிட்டது. நாற்பது பேரும் மறுபடி ஏறினார்கள். தோட்டத்து வாசல் வரை போய் லோரி திரும்பியது. முன்வரிசையில் நண்டு மசாலா வடியும் ஜீன்ஸும் கழுத்தில் மாலையுமாக நான். பக்கத்தில் அப்பா. உறுமி பின்னியெடுத்தது. பங்களா வாசலில் மேனேஜர் நின்று கையசைத்தார். அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “எம் மவ,” என்று கத்தினார். “இப்பதான் வருது!”

ஜாகா எல்லாருக்கும் முன்னால் ஓடி வழியை விலக்கிக்கொண்டிருந்தார். (விலக்குவதற்கு அங்கே யாருமே இல்லை.)

ஒன்றரை வருடம் கழித்து வாத்தியாரின் அம்மா பெண் கேட்டுத் தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் ‘வேண்டாம்’ என்றேன். எங்கள் ஊர் வழக்கப்படி அதை எல்லாரும் சரியாகவே புரிந்துகொண்டார்கள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும், எங்கள் கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்டுவிட்டால் போதும். வாத்தியார் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொள்வார்.

“ஊருல எல்லா மாப்பிள்ளையும் பொண்ணோட முகத்தப் பார்த்துதான் சரின்னு சொல்லுவான். நான் அதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன்.”