இழுத்தாலும் அறாத வயர்

சில பேருக்குச் சனி வாயில் இருக்கும் என்பார்கள். எனக்கு வாயில் இருந்தது போதாதென்று கையிலும் இருந்தது. தலைப்பொங்கலுக்குப் பொன்னேரி போனபோது அதை மாமனார் வீட்டுத் தெருவே நின்று பார்த்தது.

கல்யாணப் பந்தலிலேயே மாமனார் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்திருந்தது: "மாப்ள நல்லா பேசறாரு. கை வேலை எப்பிடின்னுதான் பாக்கணும்." நான் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் ஃபிட்டர். என் கையைச் சந்தேகப்படுவதா? சமயம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சமயம் மச்சான் சேகர் உருவில் வந்தது. அவனுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள் (படிப்புக்கு என்று மாமியார் இன்றுவரை நம்புகிறார்). எதிர்வீட்டு இம்ரானிடமும் ஒன்று இருந்தது. இரண்டையும் இணைத்துவிட்டால் அவனவன் வீட்டில் உட்கார்ந்தே கார் ரேஸ் விடலாம்.

"வயரே இல்லாம ஒரு பொட்டி வந்துக்குது மாமா. அத்த வாங்கிக்கலாமா?" என்றான் சேகர்.

"காத்துல வர்றது காத்தோட போய்டும்டா. புடிச்சா புளியங்கொம்பா புடிக்கணும். வயரே இழுப்போம்" என்றேன்.

கடைக்காரர் மெல்லிசாக ஒரு நெட்வொர்க் கேபிளை எடுத்துப் போட்டார். பக்கத்தில் கறுப்பாக, கூடவே முறுக்குக் கம்பி ஓடுகிற இன்னொன்று தொங்கியது. "அது கம்பத்துக்குக் கம்பம் இழுக்கறது சார். ரெண்டு ஊட்டுக்கு இதுவே போதும்" என்றார். போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து. அந்த மருந்து என்னிடம் ஸ்டாக் இல்லை. கறுப்பைத்தான் வாங்கினேன்.

போகி அன்று காலை, புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். ஆலையில் கம்ப்யூட்டர்காரர் செய்வதை வேடிக்கை பார்த்துக் கற்ற வித்தை. கேபிளைத் தெருவுக்குக் குறுக்கே இழுத்து, இரண்டு முனையிலும் உள்ளிருக்கும் எட்டு வயரையும் வரிசையாகக் கிளிப்பில் சொருகி அழுத்தினேன். முதல் தடவையிலேயே பச்சை விளக்கு எரிந்தது!

அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த இத்துனூண்டு கிளிப் மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. முறுக்குக் கம்பியைப் பிரித்து இம்ரான் வீட்டு ஜன்னல் கம்பியில் ஒரு சுற்று, இந்தப் பக்கம் சேகரின் கம்ப்யூட்டர் மேசைக் காலில் மூன்று சுற்று. (மேசைக்குச் சக்கரம் உண்டு. கவனித்தேன். பொருட்படுத்தவில்லை.)

மாமனார் அந்த மேசை ஓரத்திலேயே நாஷ்டா தட்டை வைத்து உட்கார்ந்தார். "இன்னா மாப்ள, தாங்குமா?"

"யானை இழுத்தாலும் அறாது மாமா."

தெருவில் ஆட்டோ போக இடம் விட்டிருந்தேன். மீன்பாடி வண்டி போகவும் விட்டிருந்தேன். அறுவடை மாசம் என்பதைத்தான் மறந்துவிட்டேன். இரும்பு உருக்குகிற ஊர்க்காரனுக்கு வைக்கோல் பாரம் எவ்வளவு உயரம் வரும் என்று எப்படித் தெரியும்?

வெளியே டிராக்டர் சத்தம் கேட்டது. மாமனார் இட்லியைப் பிட்டுச் சட்னிக்குக் கையை நீட்டினார். தட்டு அங்கே இல்லை. மேசை கிளம்பிவிட்டது.

கீபோர்டை விடாமல் மேசையோடு ஓடிய சேகர் கத்தினான்: "மாமா! கனெக்‌ஷன் கட் ஆவல மாமா!"

மேசை ஜன்னலில் மோதி நின்றது. பெருத்த மானிட்டர் குப்புற விழுந்து உயிரை விட்டது. எதிர்வீட்டு ஜன்னல் கம்பி வில்லாக வளைந்தது. கடைசியில் தோற்றது வைக்கோல்தான். மொத்த பாரமும் சரிந்து தெருவை மூடியது. வயர் அறவில்லை.

"ரோட்டுக்கு அர்ணாக்கவுறு கட்னவன் எவன்டா?" என்று இறங்கி வந்தார் டிரைவர்.

புது மாப்பிள்ளை, புது வேட்டி, சாயங்காலம் வரை வைக்கோல் ஏற்றினேன். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதமாம். எனக்கு அன்று முழுக்க அதுவே உத்தியோகம்.

மேசைக் கால் முறுக்கைப் பிரிக்கக் கட்டிங் பிளேயர் தேவைப்பட்டது. மாமனார் குனிந்து அதை நெடுநேரம் பார்த்தார். "கை வேலை கெட்டிதான் மாப்ள. ஊடுதான் தாங்கல" என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்த வயர் இன்றும் அந்த வீட்டுக் கொல்லையில் துணிக்கொடியாக இருக்கிறது. ஈரப் போர்வை ஆறு போட்டாலும் தொய்வதில்லை. நல்ல வயர், நான் தேர்ந்தெடுத்தது.

ஆனால் ஒன்று. அங்கே யாராவது சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் உள்ளே நுழைந்தால், அத்தனை பேரும் தட்டைக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். மாமனார் இரண்டு கையாலும்.