எழவு அண்ணாச்சி படித்த மொழிகள்

உலகத்தில் எந்த மொழியையும் சாவிலிருந்து படிக்கத் தொடங்கியவர் எழவு அண்ணாச்சி ஒருவராகத்தான் இருப்பார். வணக்கம், நலமா, தண்ணீர் கொடு என்பதெல்லாம் அவருக்கு எதிலும் வராது. ‘உங்கள் ஆள் இறந்துவிட்டார், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்’ என்பது மட்டும் இந்தி, வங்காளம், ஒடியா, அசாமி எல்லாவற்றிலும் சுத்தமாக வரும்.

மலைமேல் சாந்தன்பாறையில் ஒரு ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஓட்டினார். காலையில் வேலையாட்களை ஏற்றிப் போகிற அதே ஜீப்தான் அடிபட்டவரையும் செத்தவரையும் இறக்கிக்கொண்டு வரும். அதனால் வந்த பெயர். சொந்தப் பெயர் லைசென்ஸில் இருந்திருக்கும், நான் பார்த்ததில்லை. நான் அப்போது ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு ஊரை விட்டவன். எங்கேயும் நிலைத்துத் தங்கியதில்லை.

இப்போது தோட்டங்களில் பாதிப் பேர் வடக்கிலிருந்து வந்தவர்கள். அவர்களோடு பேச ஆளுக்கொரு வழி. நான் வயிற்றிலிருந்து தொடங்குவேன். சோறு, உப்பு, சாப்பிட்டாச்சா, இன்னும் கொஞ்சம் போடு. இவ்வளவு தெரிந்தால் எந்த ஊரிலும் பிழைத்துக் கிடக்கலாம். டீக்கடை பாய் கொல்லங்கோட்டுக்காரர். அவர் வசவிலிருந்து தொடங்குவார். “ஏனுங்க, ஒருத்தன் நம்மளத் திட்டறானா கும்புடறானான்னு தெரியாம எப்படிங்க யாவாரம் பண்றது?” என்பார். அவருடைய இந்தியில் வீட்டில் பேசக்கூடிய சொல் ஒன்றுகூடக் கிடையாது. மகள் இந்திப் பாடத்தில் சந்தேகம் கேட்டு வந்தபோது கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார்.

அண்ணாச்சியின் பாடம் அந்தக் கடையில்தான் நடக்கும். புதிதாக வந்தவன் தோளிலிருந்து பையைக்கூட இறக்கியிருக்க மாட்டான். டீ வாங்கிக் கொடுத்து, நெருங்கி உட்கார்ந்து, ‘உன் அப்பா செத்துவிட்டார்’ என்று இந்தியில் சொல்வார். ‘இதை உன் பாஷையில் எப்படிச் சொல்வது’ என்பதற்கு அவரிடம் இந்தி இல்லை. அதைக் கையால் கேட்பார். கை போய்ச் சேராது. முன்பாதி மட்டும் போய்ச் சேரும். ஒரு ஒடியாக்காரன் அழுதுகொண்டே ஊருக்குப் போன் போட்டான். எடுத்தவர் அப்பாவேதான். அதற்குப் பிறகும் அவனுக்கு அழுகை நிற்கவில்லை.

“ஏனுங்க அண்ணாச்சி, டீ குடிக்க வர்றவனுக்கெல்லாம் கருமாதி பண்ணி அனுப்பறீங்களே, எங் கடை வெளங்குமுங்களா?” என்றார் பாய்.

“கடைய விடும் பாய். அழுதுகிட்டே பய சொல்லிக் குடுத்துட்டாம்லா” என்றார் அண்ணாச்சி.

சீசனில் சுற்றுலா வருபவர்களை ஏற்ற அவரைப் பள்ளிவாசல் என்கிற ஊர்ப் பக்கம் அனுப்பினார்கள். ஒரு வெள்ளைக்காரரும் மனைவியும் வந்தார்கள். அண்ணாச்சி கதவைத் திறந்து, தலையைக் குனிந்து, தம்மிடம் இருந்த இங்கிலீஷை எடுத்தார். “ப்ளீஸ் சிட் டவுன். பீ பிரேவ்.” அவர்கள் பள்ளத்தைப் பார்த்தார்கள். டயரைப் பார்த்தார்கள். நடந்தே போய்விட்டார்கள்.

ஒருநாள் மழையில் ஜீப் நின்றுவிட்டது. உள்ளே அவரும் நானும்தான். ஏன் இப்படிப் படிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“சோறு வேணும்னா வயித்தத் தொட்டுக் காட்டலாம். வலிச்சா மூஞ்சியச் சுளிக்கலாம். செத்துட்டான்னு எப்படிலே காட்டுவ?”

பதிலையும் அவரே சொன்னார்.

“நான் காட்டிருக்கேன். ஒரு அசாம்காரன் சம்சாரத்துக்கிட்ட. கண்ண மூடி, தலையச் சாச்சு, நாக்க வெளிய தள்ளி. அவ சிரிச்சிட்டா லே. பிள்ளையக் கூட்டியாந்து நிறுத்தி, இன்னொருக்கா செய்யின்னு கையக் காட்டுதா.”

கண்ணாடியை உள்பக்கமாகத் துடைத்தார். மழை வெளியேதான் பெய்துகொண்டிருந்தது.

அதன் பிறகு ஜார்க்கண்டிலிருந்து சோம்ரா வந்தான், மனைவி பூல்மணியோடு. அவர்கள் வீட்டில் பேசுவது இந்தி இல்லை, ஊர் பாஷை. சோம்ராவுக்குக் கொஞ்சம் இந்தி உண்டு. அவளுக்கு அதுவும் கிடையாது. அண்ணாச்சியின் கேள்விக்குச் சிரித்த முதல் ஆள் சோம்ராதான். தினம் டீ குடித்துக்கொண்டே அந்த வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தான். இழுக்க வேண்டிய இடத்தில் இழுக்கவில்லை என்றால் விடமாட்டான். நானும் கூட உட்கார்ந்து என் சோற்றுச் சொற்களை வாங்கிக்கொண்டேன்.

மழை தொடங்குமுன் ஏலச்செடிக்கு நிழல் கொடுக்கும் மரங்களில் ஏறிக் கிளை கழிப்பார்கள். சோம்ரா நின்ற கிளை முறிந்தது. ஜீப் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. அவர்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். பூல்மணியிடம் சொல்ல அவள் பாஷைக்காரர் ஒருவரும் இல்லை.

“சீரியஸ்னு ஜாடை காட்டிக் கூட்டிட்டு வாங்க அண்ணாச்சி. ஆஸ்பத்திரியில தெரிஞ்சுக்கட்டும். எப்பவும் அப்படித்தான செய்யது” என்றார் சூப்பர்வைசர்.

“வழி பூரா சாமி கும்பிட்டுட்டு வருவா சார். பக்கத்துல உக்காந்து நான்லா வண்டி ஓட்டணும்.”

என்னையும் ஏற்றிக்கொண்டு, வேலையாட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனார். பூல்மணி வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வாக்கியத்தைச் சொன்னார். சோம்ரா இழுக்கச் சொன்ன இடத்தில் இழுத்து, நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தி. அப்படியே சோம்ரா பேசுவதுபோல இருந்தது. அவள் எட்டி அவர் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள், புருஷன்தான் ஒளிந்து நின்று சொல்லச் சொல்கிறானோ என்று. பின்னால் நான்தான் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு ஏதோ கேட்டாள். அண்ணாச்சிக்குப் புரியவில்லை. சொல்ல மட்டும்தான் படித்திருந்தார். திரும்பக் கேட்டாள். வேறு எதுவும் தெரியாததால் அவர் அதே வாக்கியத்தை இன்னொரு தடவை சொன்னார். அவள் காதைப் பொத்திக்கொண்டு மறுபடியும் கேட்டாள்.

“லேய், என்ன கேக்கா?” என்று என் பக்கம் திரும்பினார்.

எனக்கு அதில் ஒரு சொல் தெரிந்தது. சாப்பிட்டானா என்று கேட்கிறாள். காலையில் பாய் கடையில் அவன் புட்டு தின்றதைப் பார்த்திருந்தேன். சாப்பிட்டான் என்றேன், அவள் பாஷையில். அதற்குப் பிறகுதான் அழுதாள். அண்ணாச்சி செருப்பைப் போட மறந்து வெறுங்காலோடு வண்டி ஓட்டினார்.

அவள் ஊருக்குப் போனாள். அடுத்த மழைக்கு முன் நானும் மலையிறங்கிவிட்டேன். இப்போது கொல்லங்கோட்டுக்கு வெளியே ஒரு மாந்தோப்பில் காவல் இருக்கிறேன். அண்ணாச்சி மாதம் ஒருமுறையாவது போன் செய்வார். தமிழிலும் அவருக்கு நலம் விசாரிக்க வராது. அவரிடமிருந்து போன் என்றால் யார் செத்தது என்றுதான் நான் முதலில் நினைப்பேன் என்பது அவருக்குத் தெரியும். அதனால் எடுத்ததுமே, “யாரும் சாகல லே, சும்மாதான்” என்பார். அப்புறம் கொஞ்ச நேரம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிடுவார்.

இந்த மாதம் இன்னும் கூப்பிடவில்லை. தோப்பில் ஒரே ஒரு மரத்தடியில்தான் சிக்னல் கிடைக்கும். கட்டிலை அங்கே இழுத்துப் போட்டிருக்கிறேன்.