பூட்டுக் கடையோட இருநூத்திப் பதினாலு பேர்

அழிச்சு முடிச்சப்புறம்தான் அவசரத்துக்கு உறைச்சுது, அது டெஸ்ட் காப்பி இல்ல, நெஜக் கடையோடதுன்னு.

அவசரம்ங்கறது ஆபீஸ்ல அவனுக்கு வச்ச பேரு. எதையும் படிக்காம 'ஓகே' அமுக்கறவன். அவங்க கம்பெனி கடைகளுக்கு சாஃப்ட்வேரை சந்தாவுக்கு விடுது. எல்லாம் இவங்க சர்வர்ல ஓடும், கடைக்காரங்க பாஸ்வேர்டு போட்டு உள்ள வந்து வேலை பாப்பாங்க. மொத்தம் அறுபது கடை. அதுல போயும் போயும் பூட்டு மொத்த வியாபாரியோட லிஸ்ட்டைத்தான் அழிச்சிருக்கான். இருநூத்திப் பதினாலு வாடிக்கையாளர், பேரு, போன் நம்பர், ஆர்டரு, எல்லாம் காலி.

அந்த முதலாளி சாதாரண ஆள் இல்ல. சொந்த நெழல் பின்னாடி வந்தாலே யார்றா அதுன்னு திரும்பிப் பாக்கறவரு.

பேக்கப் இருக்கு. ஆனா அதை எடுக்கணும்னா மேனேஜர்கிட்ட காரணம் எழுதிக் குடுக்கணும். ஏற்கெனவே ரெண்டு தடவை குடுத்தாச்சு. ரெண்டாவது தடவை அவரு கோவமே படல, அதான் பயமா இருந்துச்சு. "அடுத்த வாட்டி காரணம் எழுதாதப்பா, ராஜினாமா எழுது."

சரி, முதல்ல முதலாளி உள்ள வந்து பாக்காம இருக்கணும்னு, ஸ்க்ரீன்ல 'பராமரிப்பு நடக்கிறது'ன்னு ஒரு பலகையைத் தொங்கவிட்டான். அது அறுபது கடைக்கும் சேத்துத் தொங்கிருச்சு. ஆபீஸ்ல இருக்கற எல்லா போனும் ஒண்ணா அலறுது. மேனேஜர் ரூமை விட்டு வெளிய வந்து நின்னு பாத்தாரு. அவசரத்தை மட்டும் ஒரு பார்வை பாத்துட்டு உள்ள போயிட்டாரு. தெரிஞ்சிருச்சோ?

பலகையைக் கழட்டிட்டு, போன மாச ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தான். பேரும் நம்பரும் இருந்துச்சு, ஆர்டர் இல்ல. எல்லாரையும் ஒக்காந்து டைப் பண்ணி ஏத்தினான். ஆர்டரை அவங்ககிட்டயே கேட்டுருவோம்னு போன் போட்டா, முதல் நம்பர் சலூன். ரெண்டாவது, தூக்கத்துலேருந்து எந்திரிச்ச ஒரு பெரியவர், அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டினாரு. அடுத்த அம்மா, பூட்டா, நான் யாருகிட்டயும் எதுவும் கேக்கலையேன்னு வச்சிட்டாங்க. பன்னெண்டு நம்பர் போட்டான், பன்னெண்டும் ராங் நம்பர்.

அவசரத்துக்கு இப்ப தன் மேலயே சந்தேகம். போன மாசமும் நாமதான் எதையோ அமுக்கி நம்பரையெல்லாம் கலைச்சு விட்டிருக்கோமோ?

வேற வழி தெரியல. ஆளுக்கு ரெண்டு டஜன் பூட்டுன்னு எல்லாருக்கும் ஒரே ஆர்டரா அடிச்சான். கடைசில ஏதோ கேட்டுச்சு. படிக்காம 'ஓகே' அமுக்கினான்.

அது கேட்டது, வாடிக்கையாளர்களுக்கு மெசேஜ் அனுப்பவான்னு. இருநூத்திப் பதினாலு பேருக்கும் கடை பேர்ல போயிருச்சு, உங்க ரெண்டு டஜன் பூட்டு நாளைக்கு வந்து சேரும்னு.

ஒரு மணி நேரத்துல முதலாளியே கூப்டாரு. எப்பவும் கத்தறவரு, இன்னிக்கு ரகசியம் மாதிரி பேசினாரு. "தம்பி, நேர்ல வாங்க. போன்ல பேசற விஷயம் இல்ல."

போச்சு, மாட்டிக்கிட்டோம்னு, வழியெல்லாம் ராஜினாமாவுக்கு வார்த்தை சேத்துக்கிட்டே போனான்.

கடை ஷட்டர் பாதி எறங்கியிருந்துச்சு. குனிஞ்சு உள்ள போனா, கடைக் கணக்கையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தற அக்கா மட்டும் ஒக்காந்திருக்காங்க. முதலாளி ரூம் கதவு சாத்தியிருக்கு. உள்ளேருந்து யாரோ மெதுவா நடக்கற சத்தம்.

அவனால அதுக்கு மேல தாங்க முடியல. அழிச்சது, பலகை மாட்டினது, ரெண்டு டஜன், மெசேஜ், எல்லாத்தையும் அக்காகிட்டயே கொட்டிட்டான். "உங்க இருநூத்திப் பதினாலு பேரையும் தொலைச்சது நான்தான்க்கா. முதலாளிகிட்ட நீங்களே சொல்லிருங்க."

அக்கா ரூம் கதவைத் திரும்பிப் பாத்துட்டு, குரலைத் தாழ்த்திக்கிட்டாங்க.

"உங்க கம்பெனி லிஸ்ட்டைப் போட்டிக் கடைக்கு வித்துரும்னு முதலாளிக்கு சந்தேகம்ப்பா, அதனால அந்த இருநூத்திப் பதினாலு பேரையும் நான்தான் என் மனசுல தோணின பேரு, நம்பர் போட்டு ஏத்தி வச்சேன், அதுல நாப்பது பேரு இப்ப ஒரு மணி நேரமா போன் பண்ணி சரக்கு எப்ப வரும்னு கேக்கவும் மனுஷன் பயந்துபோய் உள்ளேருந்து பூட்டிக்கிட்டாரு."