பெர்னதெத் சொல்லாத கடை

திங்கட்கிழமை பக்கத்து ஊர்களில் எந்த உணவகமும் திறக்காது என்பது பெர்னதெத்துக்கு நினைவு வந்தபோது விருந்தாளிகளின் கார் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிவிட்டது. பதினான்கு கிலோமீட்டர் தள்ளியிருந்த உணவகத்துக்கு வழி சொல்லி அனுப்பியவளே அவள்தான்.

முக்கால் மணி நேரத்தில் கார் திரும்பியது. லீல் நகரத்திலிருந்து வந்து அவளுடைய விடுமுறை வீட்டில் தங்கியிருந்த பாஸ்கால், அவன் மனைவி ஆன்யெஸ், ஆன்யெஸின் அம்மா. மூவரும் பட்டினி.

"பூட்டியிருக்கு," என்றான் பாஸ்கால். "பரவால்ல. பக்கத்துலயே ஏதாவது இல்லையா? சர்ச்சுக்கு எதிர்த்தாப்ல விளக்கு எரியுதே."

"அங்க சும்மா ஊர்க்காரங்க ஒயின் குடிப்பாங்க. உங்களுக்குச் சரிப்படாது."

அது லூசியானின் கடை. அவன் வைக்கும் பூண்டு சூப்புக்கு அந்தப் பள்ளத்தாக்கில் ஈடு கிடையாது. எங்கே சாப்பிடலாம், எங்கே குடிக்கலாம் என்று பெர்னதெத் எழுதி விடுமுறை வீட்டுச் சுவரில் ஒட்டிய தாளில் ஒன்பது இடங்கள் இருந்தன. கூப்பிடு தூரத்தில் இருந்த அந்தக் கடை மட்டும் இல்லை. பதினோரு வருடங்களுக்கு முன் அவள் கணவன் ரெமோனை அடக்கம் செய்த அன்று, அவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த லூசியான் வரவில்லை. அன்றிலிருந்து அவள் அந்தப் படியை மிதித்ததில்லை.

"பக்கத்து ஊர்ச் சந்தைத் திடல்ல பீட்சா வண்டி நிக்கும். சுடச்சுடக் கிடைக்கும்," என்றாள்.

மழை பிடித்துக்கொண்டது. அரை மணி நேரம் கழித்து மூவரும் நனைந்து வந்தார்கள்.

"வண்டி இல்லீங்க," என்றாள் ஆன்யெஸ் மெதுவாக. "கடல் பக்கம் போயிட்டாராம். ஆகஸ்ட் முடிஞ்சுதான் வருவாராம்."

பெர்னதெத்துக்கு முகம் சிறுத்துவிட்டது. "உக்காருங்க. நானே சமைக்கிறேன்."

அலமாரியிலிருந்த, கொழுப்பில் வேகவைத்துச் சேமித்த வாத்துக் கறி ஜாடியைத் திறந்து, உருளைக்கிழங்கை அரிந்து வாணலியில் போட்டாள். கிழங்கு பாதி வெந்தபோது அடுப்பு ஒருமுறை விக்கி அணைந்தது. மாற்று சிலிண்டர் இல்லை. கறியைச் சூடாக்காமலே தட்டில் வைத்தாள். அதன் மேல் கொழுப்பு மெழுகாக உறைந்திருந்தது. ரொட்டி நேற்றையது.

"நல்லாத்தான் இருக்கு," என்றான் பாஸ்கால், மெல்ல முடியாமல்.

ஆன்யெஸின் அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது. மாலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள். ரொட்டியைக் கையில் எடுத்தாள். கடிக்க முடியாமல் மடியில் போட்டுக்கொண்டாள். மழை விட்டிருந்தது. திறந்த ஜன்னல் வழியே பூண்டு வதங்கும் வாசனை வந்தது.

கிழவியின் மடியில் கிடந்த அந்த ரொட்டியை பெர்னதெத் பார்த்தாள். பிறகு மேலங்கியை மாட்டிக்கொண்டாள்.

"வாங்க போலாம். லூசியான் கடைக்கு."

அவளே முன்னால் நடந்தாள். அந்தப் படியில் ஏறினாள். லூசியான் மேசை துடைத்துக்கொண்டிருந்தான். துணி கையிலேயே நின்றுவிட்டது.

"மூணு பேர். பசியோட இருக்காங்க," என்றாள் அவள், அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்து.

"நாலு தட்டு வைக்கிறேன்."

சூப்பைப் பரிமாறிவிட்டு அவன் அவள் பக்கத்தில் நின்றான். "அன்னிக்கு வந்தேன் பெர்னதெத். கல்லறைத் தோட்டத்துக் கதவு வரைக்கும் வந்தேன். அதுக்கு மேல கால் வரல."

அவள் கரண்டியை எடுத்தாள். கீழே வைத்தாள். மறுபடியும் எடுத்தாள். "உப்பு கம்மியா இருக்கு," என்றாள். அவன் ஓடிப் போய் உப்புக் கிண்ணம் கொண்டுவந்தான்.

அவன் உள்ளே போனதும் பெர்னதெத் விருந்தாளிகளிடம் திரும்பினாள். "மன்னிச்சுக்குங்க. இவ்வளவு பக்கத்துல வச்சுக்கிட்டு உங்கள அலைய விட்டுட்டேன்."

கிழவி தட்டைக் கடைசிச் சொட்டு வரை ரொட்டியால் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, முதல்முறையாகப் பேசினாள்.

"தங்க இடம் தேடி இங்க போன் பண்ணினப்போ உங்க வீட்ட எங்களுக்குச் சொன்னதே இந்தக் கடைக்காரர்தானேம்மா. 'அங்கதான் தங்கணும், ஆனா அவளா என் கடையச் சொன்னாத்தான் சாப்பிட வரணும்'னார். பதினோரு வருஷமா கேக்கறவங்க எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லி அனுப்பறாராம். கடைக்கு வந்து சேந்தது நாங்கதான் முதலாம்."