எண்ட்விசிலின் மீசை

தன்னிடமிருந்து இனி ஒரு துரும்புகூட அந்த லண்டன்காரனுக்கு வரையக் கிடைக்கக்கூடாது என்று சபதம் செய்துவிட்டுத்தான் கிளிஃபோர்ட் எண்ட்விசில் மீசையைச் சிரைத்தார்.

காரணம் ஒரு படக்கதை. வட இங்கிலாந்தின் லங்காஷயர் மரச்செருப்பு நடனக்காரர்களைக் கிண்டல் செய்து லண்டன் வாரப் பத்திரிகை ஒன்றில் அது வந்துகொண்டிருந்தது. தொந்தி பெருத்த ஒரு கூட்டம் லாடம் அடித்த மரச்செருப்போடு மேடையேறும். பீர் குடிக்கும். ஆட்டத்துக்கு நடுவே ஒன்றையொன்று முழங்காலுக்குக் கீழே உதைத்துக்கொள்ளும். கடைசியில் மேடையோடு சரியும். அந்தக் கூட்டத்தின் தலைவனுக்குத் துடைப்பம் மாதிரி மீசை.

முடிதிருத்தும் கடையில் கூட்டிப் பெருக்கும் அவர் மனைவி எட்னாதான் பழைய இதழ் ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தாள்.

"கிளிஃப், இது நீதான்."

கிளிஃபோர்டுக்கு ரத்தம் கொதித்தது. ஊர் நடனக்குழுவின் தலைவர் அவர். தறியின் தாளம் காலில் ஏறிப் பிறந்த ஆட்டம் அது. ஓட்டின் மேல் தூறல் விழுவதுபோல் தொடங்கும். ஆலை விட்டு ஊரே கல்தெருவில் இறங்குவதுபோல் முடியும். அதைப் போய் ஒருவன் உதைகால் கூத்தாக வரைவதா? அதிலும் தன் மீசையை வைத்தா?

மீசை போயிற்று. அடுத்த வாரப் படத்திலும் மீசை இருந்தது. லண்டனுக்குச் சேதி போய்ச் சேர நாளாகும் என்றாள் எட்னா. அந்தப் படத்தில் தலைவன் சேற்றுச் செருப்போடு சோபாவில் கிடந்தான். அன்றிலிருந்து கிளிஃபோர்டின் செருப்பு வாசலில் கிடந்தது. அதற்கடுத்த வாரம் பெண்டாட்டி பாத்திரம் கழுவ, தலைவன் மதுக்கடையில் பாடிக்கொண்டிருந்தான். கிளிஃபோர்ட் மதுக்கடையை விட்டார். துணியை எடுத்துத் தட்டுகளைத் துடைத்தார். ஒவ்வொரு தட்டும் லண்டன் முகத்தில் விட்ட அறை.

ஆனால் தன் வீட்டு விஷயம் அவனுக்கு எப்படித் தெரிகிறது? உளவு சொல்ல ஒருவனால்தான் முடியும். பக்கத்து வீட்டு கிளெக். குழுவில் இரண்டாவது ஆள். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அவனும் சில வாரங்களாக மதுக்கடைப் பக்கம் தலைகாட்டவில்லை. குற்றமுள்ள நெஞ்சு.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் போய்க் கதவைத் தட்டினார். கிளெக் திறந்தான். இடுப்பில் மனைவி ஐவியின் பூப்போட்ட ஏப்ரன், கையில் ஈரத் தட்டு. மூக்குக்குக் கீழே, மீசை இருந்த இடத்தில், வெறும் வெள்ளைத் தோல்.

"நீதானா லண்டனுக்குப் போட்டுக் குடுக்குறது?" என்றான் கிளெக், முந்திக்கொண்டு.

"நானா? அந்தப் படத்துல இருக்கறதே நான்தான்யா."

"யாரு சொன்னா? அது நான். ஐவி பார்த்தவுடனே சொல்லிட்டா."

நிதானமுள்ள மனிதன் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்திருப்பான். கிளிஃபோர்டுக்கு அப்போது வந்தது இதுவரை வராத கோபம். தன்னை வரைந்தான் என்ற கோபமெல்லாம் இதோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

"உன்னை எவன்யா வரைவான்? உன் தொந்தியெல்லாம் ஒரு தொந்தியா?"

"தலைவன் படத்துல தாளம் தப்புறான்ல? அப்ப நீயாத்தான் இருக்கும்," என்றான் கிளெக்.

யார் முதலில் உதைத்தது என்று தெருவில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. இருவரும் காலைத் தூக்கி முழங்காலுக்குக் கீழே மாறி மாறி உதை விட்டார்கள், படத்தில் இருந்தபடியே. எட்னாவும் ஐவியும் வந்து ஆளுக்கொருவரைக் காதைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனார்கள்.

எட்னா வினிகரில் நனைத்த துணியால் காலைத் துடைத்துவிட்டாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கிளிஃபோர்ட் குரலை இறக்கிக் கேட்டார்.

"உண்மையைச் சொல்லு எட்னா. அது நான்தானே?"

அவள் துணியைப் பிழிந்தாள். அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"நீதான். ஆனா அந்தத் தலைவன் இப்ப ரொம்ப மாறிட்டான் கிளிஃப். இந்த வாரம் பொண்டாட்டிக்கு முதுகுவலின்னு அவனே வாசப்படிய தேய்ச்சுக் குடுக்குறான்."

"எங்க, காட்டு."

"கடையிலயே விட்டுட்டு வந்துட்டேன்."

அந்தத் தெருவில் எந்த ஆண்பிள்ளையும் ஊர் பார்க்க முட்டிபோட்டு வாசற்படி தேய்த்ததில்லை. கிளிஃபோர்ட் செங்கல் சுவர்ப் பக்கம் பார்த்தார்.

"கிளெக் செய்யமாட்டானே?"

"அவனா? அவனுக்கு எங்க குனிய வரும்."

மறுநாள் ஆலைச் சங்கு ஊதுமுன் வாளியும் தேய்ப்புக்கல்லும் எடுத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி வெளியே வந்தார் கிளிஃபோர்ட்.

பக்கத்து வாசலில் கிளெக் பாதிப் படியை முடித்திருந்தான்.