பிணத்தைச் சுட்டால் பாதி வரி

இந்தியா சுதந்திரம் அடைந்த நாளிலிருந்து இன்றுவரை, 'என்னிடம் வரி வாங்கிக்கொள்ளுங்கள்' என்று அரசாங்கத்தின் காலைப் பிடித்துக் கெஞ்சிய மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் கள்ளக்குறிச்சியில் இருந்தார். ஊரே அவரை 'வரி பாய்' என்று கூப்பிட்டது. அதே ஊரில் வரி அலுவலகத்தில் உதவியாளராகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த என்னை ஒருவரும் அப்படிக் கூப்பிடவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

சண்டை போடும் வீடியோ கேம்களுக்கு அரசாங்கம் தனி வரி போட வேண்டுமா என்று இப்போது டி.வி.யில் கோட்டு போட்டவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள். நான் சத்தத்தைக் குறைத்துவிடுகிறேன். அந்த வரியை நான் ஏற்கெனவே கட்டியிருக்கிறேன். ரசீதும் வாங்கியிருக்கிறேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பாய் கம்ப்யூட்டர் கேம்ஸ் சென்டர் வைத்திருந்தார். அதற்கு முன் அதே இடத்தில் வாடகை சைக்கிள் கடை. ஊரில் எல்லோரும் மொபெட் வாங்கிவிட்ட பிறகு சைக்கிளைத் தொட ஆள் இல்லை. இருந்த சைக்கிள்களை விற்று, மீதிக்குக் கடன் வாங்கி, ஆறு கம்ப்யூட்டர் போட்டார். தொழில்தான் மாறியதே தவிர முறை மாறவில்லை. உட்காருவதற்கு முன் நோட்டில் பெயர், அப்பா பெயர், ஊர், தெரு எல்லாவற்றையும் எழுத வேண்டும். "கம்ப்யூட்டர ஓட்டிக்கினு எங்க பாய் போயிடப் போறேன்?" என்று கேட்டால் பேனாவை நீட்டுவார். மணி முடிந்து எழுந்ததும் மௌஸைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பார். டயரில் காற்று பார்த்த விரல், அதற்கு வேறு வேலை தெரியாது.

ஒரு மணி நேரத்துக்குப் பதினைந்து ரூபாய். பையன்கள் கார் ரேஸும் கிரிக்கெட்டும் விளையாடுவார்கள் என்று நம்பித்தான் கடை திறந்தார். வந்தவர்கள் எல்லோரும் துப்பாக்கியைக் கேட்டார்கள். முதல் நாள் ஒரு கல்லூரி மாணவனுக்குப் பின்னால் நின்று பத்து நிமிடம் பார்த்துவிட்டு, பாய் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாராம். மறுநாள் சுடுகிற கேம் எல்லாவற்றையும் அழித்துவிட்டார். நாலு நாள் கடையில் ஈ ஓட்டினார். ஐந்தாம் நாள், கடன்காரர் வாசலில் நிற்கும்போதே, எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினார். ஏற்றிய கையோடு சுவரில் ஓர் அட்டையையும் தொங்கவிட்டார்: கைச்சண்டை ஒரு ரூபாய், கத்தி இரண்டு, துப்பாக்கி மூன்று, வெடிகுண்டு நாலு. தலைப்பு, சண்டை வரி. யார் எதை ஆடினார், எவ்வளவு வரி என்று நோட்டில் குறித்து, ரசீதும் கிழித்துக் கொடுத்தார்.

"சாராயத்துக்கு வரி இருக்குது, பீடிக்கு வரி இருக்குது. மனுசன சுடறதுக்கு மட்டும் இன்னா சார் சலுகை?" என்று என்னிடம் கேட்டார். "வரி போட்டா கம்மியா சுடுவானுங்க."

நடந்தது வேறு. வரி கட்டியவனுக்கு உரிமை வந்துவிட்டது. "மூணு ரூபா குடுத்துக்கிறேன் பாய், இன்னும் அஞ்சு பேரு பாக்கி இருக்கான்" என்று நேரம் முடிந்த பிறகும் எழ மறுத்தார்கள். வழக்குகள் வேறு வந்தன. கார் ரேஸில் நடைபாதையில் ஏற்றி ஆளை இடித்தால் வரி உண்டா என்று ஒரு நாள் முழுக்க வாதம். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த ஒருவர், கரும்பு அரவை இல்லாத மாதங்களில் பஸ் ஏறி வந்து விளையாடுவார். செத்த பிணங்கள் பேயாக எழுந்து வர, அவற்றைச் சுடும் கேம்தான் அவருக்குப் பிடிக்கும்.

"பாய், இது ஏற்கெனவே செத்த பொணம். பொணத்த சுட்டா இன்னாத்துக்கு வரி?"

பாய் இரண்டு நாள் அவகாசம் கேட்டார். யார் யாரிடமெல்லாம் யோசனை கேட்டாரோ தெரியாது, மூன்றாம் நாள் தீர்ப்பு வந்தது. பிணத்துக்குப் பாதி வரி. எங்கள் துறையில் மேல்முறையீட்டில் வருகிற தீர்ப்புகள்கூட இத்தனை நியாயமாக இருந்து நான் பார்த்ததில்லை.

வரியை விடப் பெரியது பாயின் பயம். சுட்டுவிட்டு எழுந்து போகிறவன் பின்னாலேயே டீக்கடை வரைக்கும் போவார். அவன் யாரையும் அடிக்காமல் டீ குடித்து முடித்தால்தான் திரும்புவார். காலையில் கடை திறந்ததும் பேப்பரை விரித்து, கைது செய்தி இருக்கிற பக்கத்தை எடுப்பார். பக்கத்தில் நோட்டு. வெட்டியவன், குத்தியவன் பெயர்களை ஒவ்வொன்றாக நோட்டில் தேடுவார். பெயர், அப்பா பெயர், ஊர். ஒன்றும் ஒத்துப்போகவில்லை என்றால், "இன்னிக்கி நம்ம ஆளு யாரும் இல்ல சார்" என்று மூச்சு விடுவார். அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டருக்கு ஸ்விட்ச் போடுவார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நான் தினமும் அங்கேதான் இருந்தேன். அலுவலகத்தில் அதிகாரி அம்மா ஃபைலைத் தூக்கி மேஜையில் போடுகிற சத்தத்துக்கே எனக்கு வியர்க்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நாற்பது பேரைச் சுட்டால்தான் வீட்டுக்குப் போகிற தெம்பு வரும். வீட்டில், ஆபீசில் வேலை ஜாஸ்தி என்று சொல்லிவைத்திருந்தேன்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அரசாங்கத்தைத் தவிர யாரும் 'வரி' என்று சொல்லிப் பணம் வாங்கக் கூடாது. வாங்கினால் கேஸ். இது பாய்க்குத் தெரியாது. எனக்கு நன்றாகத் தெரியும். சொன்னால் கடையை மூடிவிடுவார், பிறகு நான் எங்கே போய்ச் சுடுவது? சொல்லாமல் இருந்தேன். ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையில் என் பெயர் ஏறிக்கொண்டே போயிற்று.

மாதம் பிறந்தால் பாய் ஒரு துணிப்பையோடு அலுவலகத்துக்கு வந்துவிடுவார்.

"சார், வசூலானத கொண்டாந்துக்கிறேன். எதுல கட்டறது?"

"இதுக்குன்னு கவர்மெண்ட் கணக்குல தலைப்பு இல்ல பாய்."

"இல்லன்னா ஒண்ணு தொறங்க சார். நான் வச்சிக்கினு இருந்தா பாவம்."

அதிகாரி அறைக் கதவு திறப்பதற்குள் அவரைத் தோளில் கைபோட்டு வெளியே தள்ளிக்கொண்டு போய், டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவேன். ஒவ்வொரு மாதமும் எனக்கு அரைக் கிலோ எடை குறைந்தது.

ஒரு திங்கட்கிழமை அந்தப் பெயர் பேப்பரில் வந்தது. ஏழுமலை, தந்தை பெயர் கோவிந்தன், தியாகதுருகம். அண்ணனைக் கத்தியால் குத்திவிட்டான், அண்ணன் ஆஸ்பத்திரியில். பாயின் நோட்டிலும் அதே பெயர், அதே அப்பா, அதே ஊர். எங்கள் பக்கம் பஸ்ஸில் ஏறி 'ஏழுமலை' என்று கூப்பிட்டால் மூன்று பேர் திரும்புவார்கள். ஆனால் அப்பா பெயரும் ஊரும் சேர்ந்து ஒத்துப்போனபோது பாய்க்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. கடையைப் பூட்டினார். பையையும் நோட்டையும் ரசீதுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு நேராக அலுவலகத்துக்கு வந்தார். நான் எழுந்து கையை நீட்டுவதற்குள் என்னைத் தாண்டி அதிகாரி அறைக்குள் போய்விட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"இன்னா நடந்தாலும் பரவால்ல மேடம்," என்று எல்லாவற்றையும் மேஜையில் வைத்தார். "எங்கடைல வந்து பழகிக்கினு போனவன் அண்ணன குத்திட்டான். நான்தான் காரணம்."

அதிகாரி அம்மா ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார். "சண்டை வரியா? யார் போட்டது?"

"யாரும் போடல மேடம். அதான் நான் போட்டேன்."

"வரின்னு சொல்லி நீங்க ஒரு பைசா வாங்கக் கூடாது. கேஸ் போடலாம், தெரியுமா?"

"போடுங்க மேடம். போட்டு கடைய மூடுங்க. நானா மூடலாம்னா கடன் இருக்குது, மனசு வர மாட்டேங்குது. கவர்மெண்ட்டே மூடிட்டா நல்லாருக்கும்."

இதைச் சொல்லிவிட்டு அந்த மனிதர் அழுதுவிட்டார். ஐம்பது வயது ஆள், கைக்குட்டை இல்லாமல் துணிப்பையின் ஓரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முதல் மாதமே நான் வாயைத் திறந்திருந்தால் இந்த மனிதர் இங்கே நிற்க வேண்டியிருக்காது.

அதிகாரி அம்மா நோட்டைப் புரட்டினார். வெகு நேரம் புரட்டினார். பிறகு ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"இந்த ஏழுமலை ரெண்டு தடவை வந்திருக்கான். ரெண்டு தடவையும் கம்ப்யூட்டர்ல தனியா ஆடற சீட்டு. வரி இல்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. யாரையும் சுடலியே பாய்."

பாய் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். முகத்தில் நிம்மதி வந்தது. வந்த நிம்மதி அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

"அப்ப சீட்டுக்கும் போட்டிருக்கணுமா மேடம்?"

அதிகாரி அம்மா சிரிப்பார் என்பதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன். சிரித்துக்கொண்டே ரசீதுப் புத்தகத்தைப் புரட்டியவரின் விரல் ஓரிடத்தில் நின்றது. "இது யாரு, ஒவ்வொரு பக்கத்துலயும் இருக்காரு?"

"நம்ம சார்தான் மேடம்," என்று பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டே பெருமையோடு என்னைக் காட்டினார். "எங்கடைலயே ஜாஸ்தி வரி கட்னவரு. கொலையும் ஜாஸ்தி அவருதான்."

என் வேலை போயிற்று என்று நினைத்தேன். அதிகாரி அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "லீவு லெட்டர் குடுக்க மூணு நாள் என் ரூம் வாசல்ல நிக்கற ஆளு," என்றார். அவ்வளவுதான். நான் செத்தேன், பாதி வரிக்குத் தகுதியானவனாக.

தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. ரசீதுப் புத்தகம் அலுவலகத்தில் இருக்கட்டும். அட்டையைக் கழற்ற வேண்டும். யார் யாரிடம் வாங்கினாரோ அவரவரிடம் பணத்தைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் கேஸ் இல்லை. கூடவே போக வேண்டியவன், தெரிந்தும் வாயைத் திறக்காத நான்.

நாலு ஞாயிற்றுக்கிழமைகள் என் மொபெட்டில் பாயை உட்காரவைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனேன். நோட்டில்தான் அப்பா பெயரும் தெருவும் இருக்கிறதே. பாய் கதவைத் தட்டி அப்பாவையே கூப்பிட்டார். "உங்க புள்ள துப்பாக்கிக்குக் கட்னது, பதினெட்டு ரூபா இருக்குது, வாங்கிக்கங்க." டியூஷன் போவதாகச் சொல்லியிருந்த பிள்ளைகள் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்தார்கள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவருக்கு ஆறு ரூபாய் தர, அதைவிட அதிகமாக டிக்கெட் எடுத்து, வளைவுக்கு வளைவு வாந்தியை அடக்கிக்கொண்டு பஸ்ஸில் போனோம். எல்லா வாசலிலும் பாய் ஒரே கேள்வியைக் கேட்டார். "வூட்ல கோவப்படுறாரா? கை கிய் நீட்டறாரா?" இல்லை என்று சொன்னால்தான் அடுத்த வீட்டுக்கு நகருவார்.

தியாகதுருகத்தில் ஏழுமலை வீட்டுக்குத் திருப்பித் தர எதுவும் இல்லை. இருந்தும் போக வேண்டும் என்றார். குத்துப்பட்ட அண்ணன் கையில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஆறு தையல், ஆபத்து இல்லை. வரப்பை ஒரு முழம் தள்ளி வெட்டிவிட்டான் என்று அப்பா காலத்திலிருந்தே சண்டையாம். கம்ப்யூட்டர் என்றால் அந்த வீட்டில் யாருக்கும் என்னவென்று தெரியவில்லை. திரும்பி வரும்போது பாதி தூரத்தில் பாய் மொபெட்டை நிறுத்தச் சொன்னார்.

"வரப்புக்கு எப்பிடி சார் வரி போடறது?" என்றார்.

கடைசி வீடு என்னுடையது. பணத்தை என் கையிலேயே கொடுத்துவிடுங்கள் என்று தெருமுனையில் கெஞ்சினேன். எல்லோருக்கும் ஒரே முறைதான் என்று சொல்லிவிட்டு பாய் கதவைத் தட்டினார். என் அப்பா இல்லாததால் மனைவியிடம் கொடுத்தார். என் மனைவி முந்நூற்று எழுபத்தெட்டு ரூபாயை வாங்கிக்கொண்டாள். எதற்கு என்று கேட்டாள். பாய் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். 'ஆபீசில் வேலை ஜாஸ்தி' நின்ற இடத்திலேயே செத்தது.

"தப்பா நெனச்சிக்காதம்மா," என்றார் பாய். அவர் குரல் இறங்கிவிட்டது. "ஜாஸ்தி சுட்டவரு சார்தான், அதனால கேக்கறேன். வூட்ல எப்பிடி?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். சொல்லவேண்டியதைச் சேர்த்துவைத்திருப்பவள் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள்.

"பொய்தான் சொல்லுவாரு பாய்," என்றாள் கடைசியில். "பன்னெண்டு வருஷத்துல ஒரு நாளு கை ஓங்கினது இல்ல."

பாய் என் பக்கம் திரும்பினார். பொய் சொன்ன கதையெல்லாம் அவர் காதில் விழவே இல்லை. இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, சின்னக் குழந்தை மாதிரிச் சிரித்தார். அதற்குப் பிறகு எனக்குப் பதவி உயர்வு வந்தது, ஓய்வு பெற்றபோது சால்வைகூடப் போட்டார்கள். நான் யாரையும் அடிக்காதவன் என்பதற்காக என்னைப் பார்த்து அப்படிச் சந்தோஷப்பட்டவர் அவர் ஒருவர்தான்.