கரண்டு சைக்கிளுக்குக் கட்டிய எலுமிச்சம்பழம்

எனக்கு ஒரு கெட்ட குணம். புதுசாக ஒரு பொருள் வந்தால் அதை நாலு பேர் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டாலோ, கண்ணுபட்டுவிட்டதென்று உடனே சுற்றிப்போட்டாக வேண்டும். அதனால்தான் பெற்ற பிள்ளையின் நிச்சயதார்த்த போட்டோ ஒன்றில்கூட நான் இல்லை.

என் வீட்டுக்காரருடைய பழைய சைக்கிளுக்கு மகன்தான் மோட்டாரும் பேட்டரியும் வாங்கி மாட்டினான். கைப்பிடியை முறுக்கினால் ஓடும். "பிரேக்க லேசா இழுத்தாலே மோட்டாரு நின்னுடும்மா, அதுக்குன்னு தனி ஒயர் இருக்கு" என்றான். (தலையாட்டினேன். தலையாட்டியது மட்டும்தான் ஞாபகத்தில் இருக்கிறது.)

நிச்சயத்தன்று எல்லோரும் வேனில் ஏறினார்கள். "நாங்க எங்க வண்டியில வர்றோம்" என்று சொல்லிவிட்டேன். சம்பந்தியம்மா கார் வைத்திருப்பவர். அவர் வாசலில் நானும் சொந்த வண்டியில் போய் இறங்க வேண்டாமா? பெண்ணுக்கு எடுத்த நிச்சயப் புடவையையும் யாரையும் நம்பாமல் என் பையிலேயே வைத்துக்கொண்டேன். பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் அவள் அதைக் கட்டிக்கொண்டு சபையில் உட்கார வேண்டும்.

நான் ஓட்ட, அவர் கேரியரில். குத்தாலம் தாண்டி வாய்க்கால் மதகு வரைக்கும் தேர் மாதிரி போனோம். வயலில் குறுவை நடவு. ஒருத்தி நிமிர்ந்து, "ஏ, பெரியம்மா பிளேனு மாதிரி போறாங்கடி!" என்றாள்.

அவ்வளவுதான். இறங்கினேன். முன்யோசனையாகப் பையில் வைத்திருந்த எலுமிச்சம்பழம் மிளகாய்ச் சரத்தை எடுத்து, வழியில் விழுந்துவிடக் கூடாதே என்று கைப்பிடியையும் பிரேக்கையும் சேர்த்துச் சுற்றி முடிச்சுப் போட்டேன். ஏறி முறுக்கினால் வண்டி அசையவில்லை.

"பாத்தீங்களா, அவ கண்ணு!"

"கண்ணாவது மூக்காவது. லூஸ் காண்டாக்டு" என்றார் அவர். (போர் மோட்டாருக்கு ஃபியூஸ் போட்ட தைரியம்.) சரத்தை அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டு, கைப்பிடி ஒயர்களைப் பிடுங்கி, ஊதி, மறுபடி சொருகினார். முறுக்கியதும் சக்கரம் சுற்றியது. "இப்ப என்ன சொல்ற?" என்று மீசையைத் தடவினார். கையிலிருந்த கரி மீசைக்கு ஏறியது.

ஓடுகிற வண்டிக்குத்தானே கண்ணுபடும்? இன்னும் இறுக்கிக் கட்டினேன். நின்றுவிட்டது.

இந்தத் தடவை சரத்தை அவிழ்த்த கையோடு சீட்டுக்கு அடியில் இருந்த பெட்டியையும் திறந்தார். உள்ளே சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக வளையல் கடை. எதையோ அமுக்கினார், ஓடியது. கட்டினேன், நின்றது. பேய்க் கண்ணாக இருக்கிறதே என்று இன்னொரு முடிச்சும் போட்டேன்.

நடவுக்காரிகள் வரப்பேறி வரிசையாக நின்றார்கள்.

"என்ன பெரியம்மா, சைக்கிளுக்குப் பிரசவ வலியா?"

"பெரியப்பா, வெந்நீர் போடவா?"

"மிதிச்சுக்கிட்டே போங்களேன், சைக்கிள்தானே!"

"கரண்டு வண்டிய மிதிச்சுக்கிட்டுப் போயி சம்பந்தி வாசல்ல இறங்கவா? போடி!" என்றேன்.

அந்த நேரத்தில் மகன் நெற்றிச் சந்தனத்தோடு பைக்கில் பறந்து வந்தான். "அம்மா! பொண்ணு பொடவைக்காக ரூம்ல காத்துக்கிட்டு இருக்கும்மா!" சைக்கிளை ஒரு பார்வை பார்த்தான். "பிரேக்க இழுத்துக் கட்டி வச்சா எப்படிம்மா ஓடும்?" சரத்தைப் பிய்த்தெடுத்துக் கைப்பிடியை முறுக்கினான். சக்கரம் ஜோராகச் சுற்றியது. வரப்பில் எழுந்த சிரிப்பில் வயல் கொக்கெல்லாம் பறந்துபோயிற்று.

பையைப் பிடுங்கிக்கொண்டு அவன் போய்விட்டான். புடவை ராகுகாலத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. இவர் கழற்றிய திருகாணிகளைச் சேற்றில் பொறுக்கிப் பெட்டியை மூடிவிட்டு நாங்கள் போனபோது பந்தி நடந்துகொண்டிருந்தது.

"வாங்க சம்பந்தி, வெயில்ல வந்திருக்கீங்க" என்று சம்பந்தியம்மா ஒரு டம்ளரை நீட்டினார். எலுமிச்சம்பழ ஜூஸ். மகன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் போலிருக்கிறது. சபையே வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என் புடவையைக் கட்டியிருந்த பெண்தான் முதலில் தாங்க முடியாமல் சிரித்தாள்.

அவள் இப்போது என் மருமகள். மிக்சி நின்றாலும், போர் மோட்டார் தண்ணீர் இழுக்காவிட்டாலும், ஊருக்கே கரண்டு போனாலும் அடுப்படியிலிருந்து குரல் வரும்: "அத்தை, எங்கயாச்சும் எலுமிச்சம்பழம் கட்டுனீங்களா?" வீடே சிரிக்கும். மீசையில் கரியோடு நின்ற மனுஷனும் கூசாமல் சிரிப்பார்.

நான் சத்தமில்லாமல் எழுந்து போய், எங்கேயாவது கட்டிவைத்திருக்கிறேனா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.